ஆட்டுக்குட்டி டியூக்கற்: கையில் வந்தால் எதைப் பார்ப்பது

ஜெர்மனியின் நூரம்பேர்க் நகரம் 1700இல் புது நூற்றாண்டுக்காக அடித்த பொற்காசு இது. பூமிப் பந்தின்மேல் ஆட்டுக்குட்டி ஒன்று கொடியோடு நிற்கும். கொடியில் ‘பாக்ஸ்’, அதாவது சமாதானம். வட்டமாகவும் சதுரமாகவும் அடித்தார்கள்.

ஆண்டைத் தேட வேண்டிய இடம், சுற்றி ஓடும் லத்தீன் வரி: ‘தெம்போரா நோஸ்த்ரா பாத்தெர் தொனாத்தா பாக்கே கொரோனா’. தந்தையே, சமாதானம் தந்து எங்கள் காலத்துக்கு முடிசூட்டு என்று பொருள். அதில் ரோம எண்ணாகும் எழுத்துகள் நாலுதான்: எம் 1000, டி 500, சி இரண்டுக்கும் தலா 100. கூட்டினால் 1700.

சிக்கலும் அங்கேதான். பரிசுக் காசாகப் பேர் எடுத்துவிட்டதால் பல பத்தாண்டுகள் கழித்தும் அதே வரியோடு அடித்தார்கள். நாணயசாலைத் தலைவரின் முதலெழுத்தை லென்ஸில் பாருங்கள். ஜி.எஃப்.என் என்றால் 1700இல் இருந்த நூர்ன்பேர்கர். சி.ஜி.எல் என்றால் லவுஃபர். அது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. விற்பவர் இரண்டையும் ‘1700’ என்றுதான் சொல்வார்.

முழு டியூக்கற் 3.49 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 986. புனித ரோமப் பேரரசின் 1559ஆம் ஆண்டு நாணயச் சட்டம் ஒரு கொலோன் மார்க் (பழைய ஜெர்மன் நிறை அளவு, ஏறத்தாழ 234 கிராம்) பொன்னில் 67 காசு என்று வகுத்த அளவு அது. திருகோணமலையில் உள்ள நம் பிரட்றிக் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தரின் டியூக்கற்றும் ஏறத்தாழ இதே நிறைதான். 1/32 டியூக்கற்றும் உண்டு: 0.11 கிராம், நாலைந்து அரிசிமணிப் பாரம்!

திருகோணமலையில் நகைக்கடைக்குக் கொண்டுபோனால் முதல் வேலையாக உரைகல்லை எடுப்பார்கள். விடாதீர்கள், ஒரு கீறல் போதும், காசின் மதிப்பு பொன் விலைக்கு இறங்கிவிடும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். நல்ல முழு டியூக்கற் ஏறத்தாழ 0.183 கிராம் குறையும். அதே நிறையுள்ள 22 கரட் போலி 0.197 அளவில் குறையும். வித்தியாசம் 0.014தான் என்பதால் 0.01 காட்டும் கடைத் தராசு உதவாது, 0.001 காட்டுவது வேண்டும். காசில் ஒட்டிய காற்றுக் குமிழியைத் தூரிகையால் தட்டாவிட்டால் நல்ல காசும் போலியாகத் தெரியும்.

நிறை சரியாக இருந்தும் ஆட்டின் தலைக்கு நேர்மேலே விளிம்பு மழமழவென்றிருந்தால், சங்கிலியில் கோர்க்க வளையம் பற்றவைத்து, பிறகு அராவி எடுத்திருக்கிறார்கள். இந்தக் காசில் அது சாதாரணம். விலையைப் பாதியாகப் பேசலாம்.