முள்ளோடை பங்க்கும் என் மின்சாரக் காரும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்று திரும்பும் எனக்கு ஒரு நாள் ஓட்டம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இந்த வழியில் வண்டி ஓட்டுபவர்களுக்கு முள்ளோடை தமிழ்நாடு–புதுச்சேரி எல்லை மட்டுமன்று; தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் மதிப்புக்கூட்டு வரி குறைவு என்பதால் பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் இடமும் அதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மின்சாரக் கார் வாங்கப் போவதாகச் சொன்னதும் என் மைத்துனர் கேட்ட முதல் கேள்வி, "பாண்டியில்தான் பெட்ரோல் மலிவாயிற்றே மாமா, பிறகு எதற்கு இது?" என்பதுதான்.

கணக்கு அவர் நினைத்ததுபோல் இல்லை. மாதம் 1,250 கிலோமீட்டர் ஓட எனக்கு 200 யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த மலிவு விலையும் பறிபோகும். 350 யூனிட்டில் நின்ற என் வீடு 770-ஐத் தொட்டது. கட்டணம் ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஏறியது. அதே இரண்டு மாத ஓட்டத்துக்கு என் பழைய காரில் முள்ளோடை விலையிலேயே பதினாறாயிரம் ஆகும். ஆயினும் மின்கட்டண உயர்வு ஒரே தொகையாகக் கண்ணை உறுத்துகிறது. பெட்ரோல் செலவோ ஐந்நூறு ஐந்நூறாகக் கரைவதால் யாருக்கும் வலிப்பதில்லை.

அரசின் போக்கும் ஒரே திசையில் இருந்ததில்லை. 2019 ஆகஸ்டில் மின்வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மின்வாகனக் கடன் வட்டிக்கு ஒன்றரை இலட்சம் வரை தரப்பட்ட வருமான வரிக் கழிவோ, 2023 மார்ச்சுக்குப் பிந்திய கடன்களுக்குக் கிடையாது. 2024 அக்டோபரில் வந்த, மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மின்வாகன மானியத்தில் தனியார் காருக்கு இடமே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 சதவீதமாக இறங்க, அதே மாத இறுதியில் அமெரிக்காவும் மின்கார்களுக்கான 7,500 டாலர் வரிச்சலுகையை நிறுத்தியது.

ஆனால் மைத்துனரை மாற்றாமல் வைத்திருப்பது வரியைவிட, "திருப்பதிக்கு ஒரே மூச்சில் போகுமா?" என்ற கேள்விதான். வருடத்தில் முந்நூறு நாள் ஓடும் ஓட்டத்துக்கன்று, ஒரே ஒரு நாள் ஓடும் ஓட்டத்துக்குத்தான் நாம் கார் வாங்குகிறோம். தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலில் பெட்ரோல் கார் எரிபொருளைக் குடிக்கும். மின்காரிலோ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து, அந்த ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலைமை தலைகீழ்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், 80-லிருந்து 100 கிலோமீட்டருக்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும். முதல் சென்னைப் பயணத்தில் பழைய பழக்கத்தில் மிதித்துவிட்டு, மாமல்லபுரத்தருகே பேட்டரி அளவைப் பார்த்துப் பதறியவன் நான். இப்போது 80-ஐத் தாண்டுவதில்லை; பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

மைத்துனர் சென்ற மாதம் பெட்ரோல் கார்தான் எடுத்தார். திருப்பதிக்கு இன்னும் போகவில்லை. முள்ளோடைக்கு நாலு முறை போய்விட்டார்.