நான்கு விரற்கடை

வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலையில் ஹெட்செட்டை மாட்டினால் மாலைவரை யாராவது ஒருவர் காதில் கத்திக்கொண்டே இருப்பார். கோபம் கம்பெனிமேல்தான், உங்கள்மேல் இல்லை என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. முதுகுவலி என்று லீவு போடுகிறவர்கள் அதிகமானதும் நிர்வாகம் யோகா வகுப்புக்கு ஏற்பாடு செய்தது. வாரம் இரண்டு நாள், ஷிப்ட் தொடங்கும் முன் 45 நிமிடம். கான்ஃபரன்ஸ் அறையில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம்.

ஆளைக் குறைத்துவிட்டு, எடுக்க வேண்டிய அழைப்புகளைக் கூட்டிவிட்டு, அப்புறம் யோகா வகுப்பு வைப்பது எனக்கு இன்றும் உறுத்தலான விஷயம்தான். வலிக்குக் காரணம் நாற்காலியும் டார்கெட்டும் என்றால் அவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை.

முதல் சில மாதங்கள் அது எங்களுக்கு ஒரு பந்தயம். காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து கால் கட்டைவிரலைப் பிடிக்கும் பச்சிமோத்தாசனத்தில் யாருக்கு எட்டுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். எனக்கு எப்போதும் நான்கு விரற்கடை பாக்கி இருக்கும். ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பிடித்தேவிட்டேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தால், ஆசிரியை பக்கத்தில் வந்து குனிந்து, “சார், பல்லைக் கடிச்சிட்டிருக்கீங்க, விடுங்க” என்றார். பல்லை விட்டதும் விரலும் நழுவிவிட்டது.

அன்று வகுப்பு முடிந்ததும் அவர் ஒரு கணக்குச் சொன்னார். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் 200-க்குச் சற்றுக் குறைவு. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. எந்த ஆசனம், எவ்வளவு வளைய வேண்டும் என்று அவற்றில் ஒரு வார்த்தை கிடையாது. அசையாமலும் சுகமாகவும் இருந்தால் அது ஆசனம், அவ்வளவுதான். பல்லைக் கடித்துத் தொட்டதெல்லாம் அதில் சேராது. யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம் (செய்யக் கூடாதவை), நியமம் (கடைப்பிடிக்க வேண்டியவை), ஆதனம் (ஆசனம்) என்று அதே வரிசையில்தான் அடுக்குகிறார். நாங்கள் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து நேராக மூன்றாவதில் போய் உட்கார்ந்திருந்தோம்.

மூச்சுப் பயிற்சிக்குத் திருமூலர் சொல்லும் அளவு 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை விடுவது. வகுப்பில் ரத்த அழுத்தக்காரர்கள் இருந்ததால் ஆசிரியை அடக்குவதைப் பக்கமே கொண்டுவரவில்லை. இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் விடுங்கள், போதும் என்றார். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது நிதானமாகும். மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு அது தெளிவாகவே தெரிந்தது.

சில வாரம் கழித்து ஒருவர் அழைப்பில் வெடித்துக்கொண்டிருந்தார். நான் டைப் செய்தபடி “புரியுது சார், புரியுது சார்” என்கிறேன். திடீரென்று ஒன்று உறைத்தது: நான் மூச்சே விடவில்லை. நெஞ்சு பாதியில் நிற்கிறது, பல் கடித்திருக்கிறது. அதே பச்சிமோத்தாசனம், நாற்காலியில்! மியூட் பட்டனை அழுத்தினேன். (அதுவரை அந்தப் பட்டன் எனக்குப் பயன்பட்டதெல்லாம், பேசுகிறவரைப் பற்றிப் பக்கத்து சீட்டில் ஒரு வார்த்தை சொல்லத்தான்.) மெதுவாக மூச்சை விட்டேன். அப்போதுதான் அவர் சொல்வது காதில் விழுந்தது. பணம் இரண்டு முறை பிடித்தம் ஆகியிருக்கிறது, இதைச் சொல்வது மூன்றாவது தடவை என்கிறார். அதுவரை நான் கேட்டதெல்லாம் அவர் குரலைத்தான். எதற்குப் “புரியுது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இதோடு நின்றிருந்தால் நல்ல பெயரோடு முடித்திருக்கலாம். ஆனால் ஆசிரியை விட்டுப்போன முதல் அங்கத்துக்குத் திரும்பினார். இயமம் என்றால் கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை என்று சொல்லிக்கொண்டே வந்தார். திருமூலர் அதில் பகிர்ந்து உண்பதையும் சேர்த்திருக்கிறார் என்றார். “சோறு மட்டும்தானா, வேலையில கிடைக்கிற பேரும்தான்” என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, எல்லோரையும் சவாசனத்தில் படுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒருவர் குறட்டை விட ஆரம்பித்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் குழுவில் ஒரு இளம்பெண். ஆறு மாதப் புகார்களையும் வகை பிரித்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று அவராகவே ஒரு அட்டவணை தயாரித்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவருக்கே தோன்றியிருக்கிறது. மீட்டிங்கில் அதைத் திரையில் காட்டியவன் நான். “ஒரு சார்ட் போட்டேன்” என்றேன். போட்டாங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில் போட்டேன். வாய் தவறியதாக அப்போது நினைத்துக்கொண்டேன். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மேலதிகாரி பாராட்டியபோதும் நான் திருத்தவில்லை.

அதைத் திருத்துவதற்கு, சவாசனத்தில் படுத்து யோசித்த அந்த நாளிலிருந்து இன்னும் மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு மீட்டிங்கிலும் வாய்வரைக்கும் வரும், தொண்டையில் நிற்கும். கடைசியில் சொன்னேன்: “அந்த சார்ட் நான் போட்டதில்லை, இவங்க போட்டது.” மேலதிகாரி, “ஓ, சரி. அடுத்தது?” என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னிடம், “இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?” என்று கேட்டார். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஆண்டு மதிப்பீடு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய படிவத்தில் என் கையெழுத்துக்கு மேலே நான் எழுதியிருந்தது இது: கொடுத்த வேலையைச் செய்கிறார், சொந்த முயற்சி குறைவு.