மீன் முட்டையிட மண்குகை

மீன்தொட்டிக்குக் குகை கேட்டால் கடைகளில் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுபவை பிசினில் வார்த்த கோட்டையும் மண்டை ஓடும் உடைந்த கப்பலும்தான். அவற்றின் அழகோடு எனக்கு வழக்கில்லை. அந்தப் பொம்மைகளில் முன்னும் பின்னும் மேலுமாக ஓட்டைகள் இருப்பதுதான் சிக்கல். குகைக்குள் முட்டையிடும் மீன் தேடுவதோ இருட்டு, உடல் உரசும் அளவுக்கு இறுக்கம், தான் ஒருவனாக நின்று காக்கக்கூடிய ஒற்றை வாசல். ஆகவே இயற்கையாகத் தோன்றும் குகையைச் செய்ய விரும்புபவர் முதலில் உள்ளளவைத் தீர்மானித்துக்கொண்டு, வெளித்தோற்றத்தைப் பிறகு கவனிப்பதே முறை என்பேன்.

வீட்டுத் தொட்டியில் குகையைப் பயன்படுத்தும் மீன்களில் பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோவும் கிரிபென்சிஸும் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை. முன்னது தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. ஆண்மீனின் மூக்கின்மேல் கிளைவிட்ட முட்கள் போன்ற சதைநீட்சிகள் இருக்கும். பெண் உள்ளே வந்து ஆரஞ்சு நிற முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவிட்டு வெளியேறிவிடும். அதன்பின் முட்டைகளைத் துடுப்பால் விசிறுவது, காப்பது எல்லாம் ஆணின் வேலை. மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸில் பெண் குகையின் கூரையில் தலைகீழாக நின்று முட்டையிடும். ஆண் வெளியே எல்லை காக்கும். கடைகளில் 'சக்கர்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் விற்கப்படும் பெரிய பிளெக்கோ வேறு இனம். அது ஓரடிக்கு மேல் வளர்ந்து, ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுவது. அதற்கு எவ்வளவு நல்ல குகை செய்து வைத்தாலும் வீட்டுத் தொட்டியில் இனம்பெருக்காது. வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனபின் அதைக் கண்மாயிலோ வைகையிலோ விட்டுவருவது பெரும் தீங்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான்கைந்து அங்குலம் வளர்ந்த ஆண் பிரிஸ்டில்நோஸுக்கு உள்விட்டம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டரும் நீளம் 15 சென்டிமீட்டரும் இருந்தால் போதும். மீன் உள்ளே இருக்கும்போது அதன் பக்கத்துடுப்புகள் இருபுறச் சுவரையும் தொட வேண்டும். வாசலை அது தன் உடலாலேயே அடைக்க முடிய வேண்டும். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாகச் செய்தால், பெண்ணை உள்ளே நிறுத்தி வைக்க ஆணால் இயலாது. வேறு மீன்கள் முட்டையைத் தின்னவும் வழி பிறக்கும். கிரிபென்சிஸுக்கு நேர்மாறாக வாசல் சிறியதாகவும், உள்ளே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு இடமும் கூரையும் உள்ளதாகவும் அமைப்பது நல்லது. 4 சென்டிமீட்டர் வாசல் கொண்ட சிறு கலயமே போதும்.

மதுரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. கொலு பொம்மைக்குப் பெயர்பெற்ற விளாச்சேரியும், பானைக்கும் கடத்துக்கும் பெயர்பெற்ற மானாமதுரையும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால், பதமாகப் பிசைந்த களிமண்ணும் சுட்டுத்தரச் சூளையும் கிடைக்கும். அடிப்பக்கத்தில் வாசல் வைத்த கலயம் வேண்டும் என்று நான் கேட்டபோது, வனைந்துகொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்திவிட்டு, "அடியில ஓட்டை போட்டா தண்ணி நிக்காதே தம்பி" என்றார். "அது தண்ணிக்குள்ளயே கெடக்கப் போறதுதாண்ணே" என்று விளக்கியபின் சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

குழாய் வடிவக் குகையை நாமே செய்துவிடலாம். தேவையான பருமனுள்ள பிவிசி குழாயின்மேல் செய்தித்தாளைச் சுற்றி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டிய களிமண் தகட்டை அதன்மேல் போர்த்தி, விளிம்புகளைக் கீறிக் களிமண் குழம்பு தடவி இணைக்க வேண்டும். ஒரு முனையை முழுவதுமாக மூடிவிட வேண்டும். மண் சற்று இறுகியதும் குழாயை உருவிவிடுவது முக்கியம். காயும் மண் சுருங்கும், குழாய் சுருங்காது, இரண்டுக்கும் இடையில் குகை வெடித்துவிடும். காய்வதிலும் சுடுவதிலுமாகப் பத்தில் ஒரு பங்கு வரை அளவு குறையக்கூடும் என்பதால், தொடக்கத்திலேயே சற்றுப் பெரிய குழாயை எடுத்துக்கொள்வது நல்லது.

இயற்கைத் தோற்றம் வருவது இந்த ஈரநிலையில்தான். கரடுமுரடான கருங்கல் சல்லியை மேற்பரப்பில் அழுத்தி எடுத்தால் பாறையின் முகம் பதியும். தேங்காய் நாரை அழுத்தினால் மரப்பட்டையின் வரி விழும். வாசலைக் கத்தியால் வட்டமாக அறுத்தால் அது குழாயாகவே தெரியும். விரலால் பிய்த்து, ஒரு பக்கம் உதடு நீண்டும் மறுபக்கம் உள்வாங்கியும் இருக்கச் செய்தால் நீர் அரித்த பொந்து போலிருக்கும். உட்புறத்தில் மட்டும் கூர்முனை எதுவும் இருக்கக் கூடாது. ஈரக் கையால் ஒருமுறை தடவிவிட்டாலே போதும். பிறகு நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும். சித்திரை வெயிலில் வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து விரிசல் விடும்.

சுட்டு வந்ததும் விரல் மடக்கித் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் வெந்திருக்கிறது; மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கும், அல்லது வேகாத மண் நீரில் கரையும். மெருகு பூசிய பீங்கானை நான் தவிர்த்துவிடுவேன், ஏனெனில் சில மெருகுகளில் ஈயம் கலந்திருக்கும். சிவந்த நிறம் கண்ணை உறுத்தும் என்பவர்கள், புகைமூட்டிச் சுட்ட கறுப்பாகக் கேட்டு வாங்கலாம்; எண்ணெய் தடவியதாக மட்டும் இருக்கக் கூடாது. சிவப்பும்கூட, சில மாதங்களில் பாசி படிந்து பழுப்பாகிவிடும்.

குகையைச் சுற்றி அடுக்கக் கல் தேடும்போது கருங்கல்லும் வெங்கச்சங்கல்லும் நம்பகமானவை. நீரின் தன்மையை அவை மாற்றுவதில்லை. அடுப்பங்கரை மேடைகளில் காணும் கடப்பைக்கல் சுண்ணாம்பு வகை; நீரின் கடினத்தன்மையை ஏற்றும். கடின நீரில் வாழும் ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரி மீன்களுக்கு அது ஒத்துவரும். ஏற்கெனவே கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரில் பிரிஸ்டில்நோஸ் வளர்ப்பவர் அதைச் சேர்க்காமலிருப்பதே நல்லது. அறியாத கல்லின்மேல் வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது பழைய சோதனை; நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. தெர்மாகோலைச் செதுக்கிச் சிமெண்ட் பூசும் முறையும் உண்டு. பார்வைக்கு அதை வெல்வது கடினம். ஆனால் புதுச் சிமெண்ட் நீரின் காரத்தன்மையை வெகுவாக ஏற்றிவிடும். வாரக்கணக்கில் நீர் மாற்றி மாற்றி ஊறவைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கே அது. கொதிக்க வைத்த தேங்காய்ச் சிரட்டை கிரிபென்சிஸுக்கு நல்ல வீடு. நாளடைவில் மக்கிவிடும் என்பதுதான் குறை. எதை ஒட்டினாலும் மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானால் ஒட்டுங்கள். குளியலறைக்கானவற்றில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும்.

கனமான அடிக்கல்லை மணலின்மேல் வைக்காமல், தொட்டியின் அடித்தளத்தில் நேரே ஊன்றிவிட்டுப் பிறகு மணலைக் கொட்ட வேண்டும். கிரிபென்சிஸ் முட்டையிடும் காலத்தில் வாய்வாயாக மணலை அள்ளி வெளியே துப்பும். அடியில் பள்ளம் விழுந்து கல் சரிந்தால் மீனும் போகும், கண்ணாடியும் போகும். பிளெக்கோ குகையின் மூடிய முனை சற்றே தாழ்ந்திருந்தால், பொரிந்த குஞ்சுகள் வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருப் பை வற்றும்வரை வெளியே உருண்டு வராது. வாசலருகே நீரோட்டம் இருக்கட்டும், ஆனால் வடிகட்டியின் வேகம் நேரே உள்ளே பாயக் கூடாது. உள்ளே நடப்பதைப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள், பிளெக்கோ குகையை நெடுக்கில் பாதியாக அறுத்துச் சுடச் சொல்லி, வெட்டிய பக்கத்தைப் பக்கக் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தி, வெளிப்புறம் கறுப்புத்தாளை மடக்கித் தொங்கவிடலாம். மெல்லத் தாளைத் தூக்கினால் ஆண்மீன் வாலை வாசல் பக்கம் நீட்டியபடி துடுப்பால் முட்டைக்கொத்தை விசிறிக்கொண்டிருப்பது தெரியும்.

குஞ்சுகள் வெளியேறியபின் குகையை எடுத்து நார் கொண்டு வெறும் நீரில் தேய்த்தாலே போதும். சோப்பு மட்டும் படக் கூடாது. சுட்ட மண் அதை உறிஞ்சி வைத்திருந்து, தொட்டிக்குள் கொஞ்சங்கொஞ்சமாக விடும். மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் அடுத்த ஜோடிக்கு அதையே வைக்கலாம்.