பொலிவார் கேள்வி: வரலாறு விருப்பப்பாடம் எடுத்தவர்களுக்கு

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் வரலாறு விருப்பப்பாடத்தில், இரண்டாம் தாளின் உலக வரலாற்றுப் பகுதியில் காலனி ஆட்சியிலிருந்து விடுதலை பற்றி ஓர் அலகு உண்டு. அரபுலகத்துக்கு எகிப்து, தென்கிழக்கு ஆசியாவுக்கு வியட்நாம் என்று நாட்டின் பெயரைப் போட்ட பாடத்திட்டம், லத்தீன் அமெரிக்காவுக்கு மட்டும் ஓர் ஆளின் பெயரைப் போட்டிருக்கிறது: தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட தளபதி பொலிவார். அதை நம்பி அவர் வாழ்க்கை வரலாற்றை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள்தான் இங்கே மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் உள்ளே இருப்பது இரண்டு கேள்வி. ஸ்பானியப் பேரரசு ஏன் அந்தச் சமயத்தில் உடைந்தது? உடைத்த தளபதியால் அந்த இடத்தில் ஏன் ஒரு நாட்டை நிறுத்த முடியவில்லை?

விடையை அவர் பிறந்த 1783-ல் தொடங்காதீர்கள், 1808-ல் தொடங்குங்கள். வெனிசுவேலாவின் கராகாஸ் நகரத்துப் பணக்காரக் குடும்பம், சிறுவயதில் பெற்றோரை இழந்தது, ஆசிரியர் சிமோன் ரொத்ரீகெஸ், 1803-ல் மனைவி இறந்தது, 1805-ல் ரோமில் எடுத்த சபதம் எல்லாம் சேர்ந்து ஒரு வரிக்கு மேல் போகக்கூடாது. அவர் அடிமைகளை வைத்திருந்த கிரியோல் குடும்பத்துக்காரர் என்ற செய்தி மட்டும் அந்த வரியில் கட்டாயம் வேண்டும். கிரியோல்கள், அதாவது அமெரிக்க மண்ணில் பிறந்த ஸ்பானிய வம்சத்தினர், நிலமும் பணமும் வைத்திருந்தார்கள். உயர்பதவிகளோ பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வந்த பெனின்சுலர்களுக்குப் போயின. ஸ்பெயினை ஆண்ட பூர்பொன் வம்ச மன்னர்களின் சீர்திருத்தங்கள் வரியை இறுக்கின. மனக்குறை இருந்தது, ஆனால் துணிவு வரவில்லை. 1791-ல் ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததைப் பார்த்து அவர்கள் அரண்டுபோயிருந்தார்கள்.

1808-ல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஏழாம் ஃபெர்தினாந்தைப் பதவி விலகவைத்து, தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயினின் அரியணையில் உட்காரவைத்தார். மன்னர் சிறையில் இருக்கும்போது அவருடைய அதிகாரிக்கு எதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கேள்வியில்தான் 1810 ஏப்ரல் 19 அன்று கராகாஸில் ஹுந்தா, அதாவது உள்ளூர் ஆட்சிக்குழு, அமைந்தது. அதுவும் ஃபெர்தினாந்தின் பெயரில்தான். விடுதலைப் பிரகடனம் 1811 ஜூலை 5-ல் வந்தது. இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலான தயக்கத்தைச் சொல்லிவிட்டால், 'பிரெஞ்சுப் புரட்சியின் தாக்கம்' என்ற பொத்தாம்பொதுவான பத்தியை அப்படியே வெட்டிவிடலாம்.

அடுத்து, குறிப்பேட்டில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்கவேண்டிய இடம்: இரண்டு குடியரசுகள் விழுந்து மூன்றாவது முயற்சி ஏன் ஜெயித்தது? 1812 மார்ச் 26, பெரிய வியாழனன்று வந்த நிலநடுக்கம் கராகாஸைத் தரைமட்டமாக்கியது. இது தெய்வ தண்டனை என்று மன்னர் பக்கத்துப் பாதிரியார்கள் பிரசங்கம் செய்தார்கள். பலர் இதோடு முதல் குடியரசின் கதையை முடித்துவிடுகிறார்கள். சொத்துள்ளவர்களுக்கு மட்டும் வாக்குரிமை தந்த அரசியலமைப்பு, பலமில்லாத மைய அரசு, பொலிவாரின் பொறுப்பில் இருந்த புவேர்த்தோ கபேயோ கோட்டை பறிபோனது ஆகியவையும் சேரவேண்டும். முதல் குடியரசின் தலைவர் மிராண்டா சரணடைய ஒப்பந்தம் போட்டதும், அவரை ஸ்பானியர்களிடம் பிடித்துக்கொடுத்தவர்களில் பொலிவாரும் ஒருவர். புகழ்மாலை விடைகளில் இது காணாமல் போய்விடும். விடுதலைக்கு உதவாத ஸ்பானியரைக் கொல்லச் சொல்லி 1813-ல் பொலிவார் வெளியிட்ட 'சாகும்வரை போர்' ஆணையும் அப்படித்தான்.

1813-ல் பொலிவார் கராகாஸைப் பிடித்து அமைத்த இரண்டாம் குடியரசை 1814-ல் முடித்துவைத்தது ஸ்பெயினிலிருந்து வந்த படை அல்ல. போவெஸ் என்பவன் பின்னால் திரண்ட யானேரோக்கள், அதாவது சமவெளியில் மாடு மேய்க்கும் கலப்பின, கறுப்பினக் குதிரைவீரர்கள். கிரியோல் எஜமானர்களின் குடியரசில் தங்களுக்கு எதுவும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்பானியத் தளபதி மொரீயோவின் பெரும்படை கடல் கடந்து வந்தது அதற்கடுத்த ஆண்டு, 1815-ல். இந்த வரிசையை மாற்றி எழுதினால் வாதமே தலைகீழாகிவிடும்.

1815 செப்டம்பரின் ஜமைக்கா கடிதத்தில் பொலிவார் நிலைமையை அலசினார். ஆனால் திருப்பம் ஹெய்ட்டியில். அதிபர் பெத்தியோன் கப்பலும் ஆயுதமும் கொடுத்தார், அடிமைகளை விடுவிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. 1816-ல் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று பொலிவார் ஆணையிட்டார். பிறகு பாயெஸ் தலைமையில் யானேரோக்கள் இந்தப் பக்கம் வந்தார்கள், நிலம் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. ஐரோப்பாவில் போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த பிரிட்டிஷ், ஐரிஷ் வீரர்களும் கூலிக்கு வந்தார்கள். போரின் சமூக அடித்தளம் மாறியதுதான் வெற்றிக்குக் காரணம் என்ற ஒரு வாக்கியம் 20 மதிப்பெண் விடையின் முதுகெலும்பு.

போர்க்களத்தில் ஒரே ஒரு நிகழ்வை விவரித்தால் போதும்: 1819-ன் ஆண்டிஸ் கடப்பு. வெனிசுவேலாவில் மொரீயோ நிற்கும்போது அவரோடு மோதாமல், மழைக்காலத்தில், வெள்ளம் மூடிய சமவெளியைத் தாண்டி, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்திலுள்ள பிஸ்பா மேட்டுவழியே பொலிவார் நியூ கிரனடாவுக்குள் (இன்றைய கொலம்பியா) இறங்கினார். வெப்பச் சமவெளியில் வளர்ந்த வீரர்கள் குளிரில் செத்தார்கள். குதிரைகள் ஏறக்குறைய முழுவதும் போயின. அந்த வழியாக யாரும் வரமாட்டார்கள் என்று ஸ்பானியர்கள் இருந்ததுதான் பலன். ஆகஸ்ட் 7-ல் பொயாக்காப் பாலத்தருகே நடந்த சண்டை சில மணிநேரமே நீடித்தது. வைஸ்ராய் பொகோட்டாவை விட்டு ஓடினார். வரி கொடுக்கவும் ஆள் கொடுக்கவும் ஒரு முழு மாகாணம் கைக்கு வந்தது.

மிச்சப் போர்களை இரண்டு வரியில் கடந்துவிடுங்கள்: காரபோபோ 1821, பிச்சிஞ்சா 1822, ஹுனின் 1824, அயாகுச்சோ 1824. பிச்சிஞ்சாவிலும் அயாகுச்சோவிலும் களத்தில் தளபதி சுக்ரே, பொலிவார் அல்ல. 1820 ஜனவரியில் ஸ்பெயினில் ராணுவ அதிகாரி ரியேகோவின் கலகம் நடந்ததால் அமெரிக்காவுக்குக் கிளம்பவேண்டிய படை கிளம்பவில்லை என்பதை மறக்கவேண்டாம். தேதிகளில் ஒரு சிக்கல்: ஆகஸ்ட் 6 மூன்று தடவை வருகிறது. 1813-ல் கராகாஸுக்குள் நுழைந்தது, 1824-ல் ஹுனின், 1825-ல் பொலிவியாவின் விடுதலை. டிசம்பர் 17-ம் இரண்டு தடவை: 1819-ல் கிரான் கொலம்பியா (வெனிசுவேலா, நியூ கிரனடா, எக்குவதோர் சேர்ந்த ஒரே நாடு) பிரகடனம், 1830-ல் மரணம். ஆண்டை மட்டும் எழுதுங்கள், நாள் கேட்கமாட்டார்கள்.

இரண்டாம் பாதிக்கு ஆங்கோஸ்துரா உரையையும் (1819) பொலிவிய அரசியலமைப்பையும் (1826) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். முன்னதில் பரம்பரைச் செனட், வலுவான நிர்வாகத் தலைமை. பின்னதில் ஆயுட்கால அதிபர், அவரே வாரிசைத் தேர்ந்தெடுப்பார். இதைப் பதவி ஆசை என்று ஒரே வார்த்தையில் முடிப்பது மேலோட்டம். முதல் குடியரசு கூட்டாட்சியால்தான் அழிந்தது என்று 1812-லேயே கார்த்தஹேனா அறிக்கையில் அவர் எழுதிவிட்டார். கடைசிவரை அந்த முடிவிலிருந்து நகரவில்லை. போர்க்காலத்துக்குச் சரியாக இருந்த பாடம் சமாதான காலத்துக்கு உதவவில்லை. பொகோட்டாவில் சட்டம் பேசிய துணை அதிபர் சாந்தாந்தெர் ஒரு பக்கம், வெனிசுவேலாவில் தனிப்படை வைத்திருந்த பாயெஸ் இன்னொரு பக்கம், லண்டனில் வாங்கிய கடன் தலைமேல். 1826-ல் பாயெஸின் கலகம், 1828-ல் அரசியலமைப்பைத் திருத்தக் கூடிய ஒகான்யா மாநாடு தோல்வி, ஆகஸ்டில் சர்வாதிகாரம், செப்டம்பரில் கொலை முயற்சி, 1830-ல் பதவி விலகல், சுக்ரேயின் கொலை, கிரான் கொலம்பியா மூன்றாக உடைவு.

மரபு பற்றிக் கேட்டால் அடுத்த அலகான 'காலனி நீக்கமும் வளர்ச்சிக்குறைவும்' என்பதோடு இணைத்துவிடுங்கள். பண்ணைகள் உடையவில்லை, அடிமை முறை வெனிசுவேலாவில் 1854 வரை நீடித்தது, ஸ்பெயினின் இடத்தை பிரிட்டிஷ் வணிகமும் கடனும் பிடித்தன, பாயெஸ் போன்ற கௌதியோக்களின், அதாவது தனிப்படை பலத்தில் ஆளும் தலைவர்களின், அரசியல் நிலைத்தது. மார்க்ஸ் 1858-ல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் பொலிவாரைக் கிழித்துத் தொங்கவிட்டார். 1999-ல் ஓர் இடதுசாரி அரசு வெனிசுவேலாவின் பெயரோடு பொலிவாரைச் சேர்த்தது. விவாதத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

250 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். 10 மதிப்பெண்ணுக்கு 7 நிமிடம், 20-க்கு 14. 150 சொல் விடையில் 1808-க்கு இரண்டு வாக்கியம், அடித்தள மாற்றத்துக்கு நான்கு, தோல்விக்கு மூன்று. 'புரட்சிக்குப் பணிசெய்பவன் கடலை உழுகிறான்' என்று சாவதற்கு முந்தைய மாதம் எக்குவதோரின் தலைவர் ஃப்ளோரெஸுக்கு அவர் எழுதியதை எல்லாரும் கடைசி வரியாக வைப்பார்கள். நீங்கள் அதை 1826 முதல் 1830 வரையிலான பத்திக்குள் வையுங்கள். கடைசி வரிக்கு 1854 போதும்.