சுமை ஏறினால் மட்டும் தொலைந்த மின்னழுத்தம்

இரண்டு சக்கர ரோபோ கிட் ஒன்றைக் கோத்து முடித்து மூன்று வாரங்கள் ஆகின்றன. நேராக நன்றாகவே ஓடும்; எதிரே தடையைக் கண்டு பின்வாங்கத் திரும்பும் கணத்தில் சட்டென நின்று, ஓரிரு நொடி கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதன் மூலத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய நான்கு மாலைகள் பிடித்தன.

அமைப்பு எளியதுதான். நிரலை இயக்கும் அர்டுயினோ உனோ பலகை, அதன் கட்டளைப்படி மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டார்கள் இரண்டு, பேட்டரியாகத் தொடராக இணைத்த 18650 வகை லித்தியம் செல்கள் இரண்டு. பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாக டிரைவரின் ஸ்க்ரூ டெர்மினலுக்கு (ஒயரைத் திருகால் இறுக்கும் முனை) ஒயர் வருகிறது. உனோ மின்சாரத்தை உள்வாங்கும் 'வின்' பின்னுக்கான ஒயரும் அதே டெர்மினலிலிருந்தே பிரிகிறது.

முதல் மாலை முழுவதும் நிரலைத்தான் சந்தேகித்தேன். ஆனால் கோளாறு நேரும் ஒவ்வொரு முறையும் பலகையின் 13ஆம் பின்னோடு இணைந்த சிறு விளக்கு, பலகை புதிதாகத் தொடங்கும்போது மின்னுவதுபோலவே, படபடவென்று மின்னியதைக் கவனித்தபோது, நிரல் சிக்கிக்கொள்ளவில்லை, பலகையே மறுதொடக்கம் ஆகிறது என்பது புரிந்தது. செய்திகளைக் கணினியில் பார்க்கலாம் என்று யூஎஸ்பி கேபிளைச் செருகினால் கோளாறு அறவே மறைந்துவிட்டது. கேபிளைப் பிடுங்கியதும் திரும்ப வந்தது. வின் பக்கம் மின்னழுத்தம் குறையும்போது உனோ தானாகவே யூஎஸ்பி மின்சாரத்துக்கு மாறிக்கொள்ளும் என்பதால், இந்த ஒரு சோதனையே நிரலை விடுவித்து மின்வழங்கலைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்த மாலை மல்டிமீட்டரின் தொடர்ச்சி சோதனையில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும்) எல்லா ஒயர்களையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாமே 'பீப்' என்றன. பேட்டரியும் 8.1 வோல்ட் காட்டியது. இந்த இடத்தில்தான் பலரும் வழிதவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். தொடர்ச்சி சோதனையில் மீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். பல இழை ஒயரில் ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும், ஒலி எழும்பிவிடும். அந்த ஓர் இழையால் மோட்டார் கேட்கும் ஆம்பியர்களைச் சுமக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்த ஒலியில் விடை இல்லை.

ஆகவே மூன்றாம் மாலை சுமையோடு அளந்தேன். சக்கரங்கள் இரண்டையும் கையால் பிடித்து நிறுத்தி, ஓரிரு நொடிக்குள் அளவெடுத்து விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பிடித்தால் மோட்டாரும் டிரைவரும் சூடேறும். அப்போது மின்னோட்டம் 1.6 ஆம்பியர், பேட்டரி முனைகளில் 7.8 வோல்ட், டிரைவர் டெர்மினலிலோ 5.4 வோல்ட் மட்டுமே. நடுவில் 2.4 வோல்ட் எங்கோ தொலைகிறது. மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் முனைகளைத் தொட்டுக்கொண்டே போனேன்: ஸ்விட்சில் 0.3, எதிர்மின் வழி முழுவதற்குமாக 0.3, சிவப்பு ஒயர் டிரைவருக்குள் நுழையும் ஸ்க்ரூ டெர்மினலில் மட்டும் 1.8.

திருகைத் தளர்த்தி ஒயரை உருவிப் பார்த்தேன். உலோகத் தகடு கவ்வியிருந்தது பெரும்பாலும் சிவப்பு உறையைத்தான். உறையில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தது, செம்பு இழைகளில் இரண்டு மட்டுமே தகட்டைத் தொட்டிருந்தன. நான் உறையைப் போதிய நீளம் சீவாமல் விட்டதன் விளைவு இது. 2.4 வோல்ட்டை 1.6 ஆம்பியரால் வகுத்தால் வழியில் மொத்தம் 1.5 ஓம். முன்னோக்கி ஓடும் மோட்டாரைத் திடீரெனப் பின்னோக்கித் திருப்பும் நொடியில் மின்னோட்டம், சக்கரத்தைப் பிடித்து நிறுத்திய நிலையின் மின்னோட்டத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரை எழக்கூடும். 3 ஆம்பியர் நெருங்கினால் 4.5 வோல்ட் வழியிலேயே கரைந்து, உனோவுக்கு 3 வோல்ட் அளவே எஞ்சும். அதிலும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பலகையின் ரெகுலேட்டர் ஏறக்குறைய ஒரு வோல்ட்டை எடுத்துக்கொள்ள, கட்டுப்படுத்திச் சில்லு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும் 2.7 வோல்ட் எல்லைக்குக் கீழே போய்விடும். பின்வாங்கும்போது மட்டும் நின்றதன் காரணம் இதுவே. கண்சிமிட்டும் நேரச் சரிவை சாதாரண மீட்டர் காட்டாது என்பதால்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி அளக்க வேண்டியிருந்தது.

நான்காம் மாலை சரிசெய்தேன். உறையை 7 மில்லிமீட்டர் சீவி, இழைகளை முறுக்கி மீண்டும் இறுக்கினேன். முனையில் ஈயம் பூசவில்லை. திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் தளர்ந்து கொடுத்துவிடும். ஸ்விட்சில் மங்கலாக, கட்டியாக நின்ற பற்றவைப்பை மறுபடி உருக்கினேன். அந்த டெர்மினலில் இப்போது இழப்பு 0.04 வோல்ட். நிரலிலும் திசை மாற்றும் முன் மோட்டாரை 200 மில்லிநொடி நிறுத்தும்படி சேர்த்தேன். இது கோளாறுக்கு மருந்தல்ல, மோட்டாருக்கும் டிரைவருக்கும் செய்யும் நன்மை.

மறுதொடக்கம் ஒழிந்த பிறகு, மோட்டார் ஓடும்போது மட்டும், தடையின் தூரத்தை அளக்கும் மீயொலி சென்சார் தாறுமாறான தூரங்களைச் சொன்னது. சென்சாரின் கிரவுண்டும் (மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் எதிர்மின் வழி) மோட்டாரின் கிரவுண்டும் ஒரே மெல்லிய ஒயரில் திரும்பிக்கொண்டிருந்தன. இரண்டையும் தனித்தனியாகப் பேட்டரியின் எதிர்மின் முனை வரை கொண்டுபோய்ச் சேர்த்து, ஒவ்வொரு மோட்டாரின் முனைகளுக்கிடையிலும் மோட்டாரின் மின் இரைச்சலைக் குறைக்க 100 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்ததும் அளவுகள் சீராயின. நேற்று இருபது நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டேன். சுவரைக் கண்டு ஒவ்வொரு முறையும் பின்வாங்கித் திரும்பியது, 13ஆம் பின் விளக்கு ஒருமுறைகூட மின்னவில்லை.