பனியன் கம்பெனிக்குள் ஏ.ஐ.: எட்டு மாதக் குறிப்புகள்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதமானது. அதே வாரத்தில், நாங்கள் ஜாப் ஒர்க் எடுக்கும், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும், ஏற்றுமதி கம்பெனியிலிருந்து போன் வந்தது. இரண்டு ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். விரித்த துணியை மறுபடி சுருட்டி வைத்தோம். திருப்பூரில் அந்த மாதம் பலருக்கும் இதே கதைதான். எங்களுடையது 34 பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி. துணி, டையிங், கட்டிங் பக்கத்தை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். கணக்கு, மெயில், பையர், பேங்க் எல்லாம் என் பொறுப்பு.

வேலை குறைந்த அந்த நாட்களில்தான் ஏ.ஐ. பற்றி உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தது. அதற்கு முன்பே ஒருவர் வந்து, கட்டிங் முதல் பேக்கிங் வரை எல்லாம் ஏ.ஐ. என்று லேப்டாப்பில் காட்டி நாலரை லட்சம் கேட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கம்பெனியில் எந்த வேலை எங்கே இழுக்கிறது என்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

அதன்பிறகு நான் செய்த முதல் காரியம் ஒரு நோட்டு போட்டது. ஒரு வாரம் முழுக்க, எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம், எதைத் திரும்பச் செய்தோம், யாருக்காக யார் காத்திருந்தார்கள் என்று எழுதினேன். தையல் லைனில்தான் நேரம் போகிறது என்று நினைத்திருந்தேன். நோட்டு வேறு கணக்கு சொன்னது. கட்டிங் மாஸ்டர் இரண்டு நாள் சும்மா நின்றிருக்கிறார். காரணம், ஆங்கில டெக் பேக்கை (எப்படித் தைக்க வேண்டும் என்று பையர் அனுப்பும் குறிப்பு) படித்துச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இரவு ஏழு மணியிலிருந்து பத்து வரை பையர் மெயிலுக்குப் பதில், பாக்கி கேட்டு லெட்டர், அளவு சார்ட் என்று என் நேரம் போயிருக்கிறது. சரி, அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தோம். மூன்று மாதத்துக்குப் பெரிய வேலையாக ஒன்று மட்டும். அது படிந்த பிறகுதான் அடுத்தது.

செப்டம்பரில் ஏ.ஐ.யில் மெயிலை மட்டும் பழகினேன். தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறது, நான் படித்துத் திருத்தி அனுப்புகிறேன். பாக்கி லெட்டரில் இது உண்மையிலேயே கைகொடுத்தது. எழுதி வாங்கிய ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் சிறு நிறுவனத்துக்குப் பணம் தரவேண்டும். தராத வருடம், சரக்கு வாங்கியவர் அந்தத் தொகையை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. அப்போது இது 43பி (எச்) பிரிவு, 2024 ஏப்ரல் முதலே நடைமுறையில் இருந்தது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் உறவு கெடாமல், அதேசமயம் அழுத்தமாக ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் இத்தனை நாள் போனிலேயே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அதே மாதக் கடைசியில் முதல் தப்பும் வந்தது. ஒரு காலேஜுக்கு ஹூடி, பீஸ் 1,150 ரூபாய். ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று ஏ.ஐ.யிடம் கேட்டேன். 1,000 ரூபாயைத் தாண்டியதால் 12 சதவீதம் என்று திடமாகச் சொன்னது. அது பழைய கணக்கு. செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டதால் தப்பித்தோம். அன்றே நோட்டின் பின்பக்கத்தில் ‘தப்பு’ என்று தலைப்புப் போட்டு அதை எழுதி வைத்தேன். வரி, சட்டம் இரண்டுக்கும் ஏ.ஐ. சொல்வதை வைத்து பில் போடுவதில்லை.

அக்டோபரில் டெக் பேக். எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். பையர் அனுப்பும் பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் அளவு, தையல் வகை, லேபிள் எங்கே, பேக்கிங் எப்படி என்று எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். ஏ.ஐ. இரண்டே நிமிஷத்தில் தமிழாக்கிக் கொடுத்தது. பிரின்ட் எடுத்து மாஸ்டரண்ணனிடம் கொடுத்தேன். முப்பது வருஷமாகக் கத்தி பிடித்தவர். கண்ணாடியை இறக்கி ஒரு பக்கம் முழுக்கப் படித்தார்.

“அம்மிணி, இது தமிழ்தானுங்களா?”

பார்த்தால், தோளில் கழுத்தை ஒட்டிய உச்சி இடத்துக்கு ‘உயர் புள்ளித் தோள்’ என்று இருக்கிறது. பேட்லாக் என்று நாங்கள் சொல்லும் பிளாட்லாக் தையலுக்கு ‘தட்டைப் பூட்டுத் தையல்’. பிசிறு வெட்டுவதற்கு ‘நூல் கத்தரிப்பு’. அகராதிப்படி தப்பில்லை. ஆனால் எங்கள் தளத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கட்டிங் டேபிளில் ஒருவர் ஒரு நொடி யோசித்து தப்பாகப் புரிந்துகொண்டால் போதும், 60 மடிப்புத் துணியும் ஒரே வெட்டில் போய்விடும்.

அதனால் ஏ.ஐ.யை ஓரமாக வைத்துவிட்டு சொல் பட்டியல் எழுத ஆரம்பித்தோம். தினமும் டீ நேரத்தில் கால் மணி நேரம். மாஸ்டரண்ணன், லைன் சூப்பர்வைசர், செக்கிங் அக்கா, நான். இடதுபக்கம் டெக் பேக்கில் வரும் வார்த்தை, வலதுபக்கம் நம் வார்த்தை. எந்த வார்த்தையைச் சொல்வது என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். நெக் ரிப்பை எந்தப் பக்கம் ஜாயின்ட் வைக்க வேண்டும் என்பதுபோல, டெக் பேக்கில் இல்லாத, அவர்கள் கைக்கு மட்டும் தெரிந்த விஷயங்களும் அந்த நோட்டுக்குள் வந்தன. நான் கல்யாணமாகி வந்து பதினாறு வருஷமாகிறது. எங்கள் கம்பெனிக்குத் தெரிந்ததை யாரும் அதுவரை எழுதி வைத்ததில்லை.

இப்போது ஒவ்வொரு டெக் பேக்கோடும் அந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கிறேன். வருகிற தமிழ் எங்கள் தமிழாக இருக்கிறது. மாஸ்டரண்ணன் பேனாவால் ஒவ்வொரு அளவையும் அசலோடு ஒத்துப் பார்த்து கையெழுத்துப் போட்ட பிறகே துணி விரிப்போம். பையர் பெயர், பிரின்ட் டிசைன் இருக்கும் பக்கங்களை ஏ.ஐ.க்குக் கொடுப்பதில்லை. அது அவர்கள் நம்பிக் கொடுத்தது.

ஜனவரியில் துணிக் கணக்கு. இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் சின்ன கம்பெனி ஒரே ஆர்டரில் கவிழக்கூடிய இடம் இது. ஒரு டி-ஷர்ட்: உடல் நீளம் 72, கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, ஆக 104 செ.மீ. மார்பு 54, அதோடு 4 சேர்த்து 58. இரண்டையும் பெருக்கி, முன் பின் என்று இரண்டால் பெருக்கி, 180 ஜி.எஸ்.எம்.மால் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் 217 கிராம். அதற்கு மேல் வேஸ்டேஜ். ஏ.ஐ. 116 கிராம் என்றது. 54 என்பதை உடம்பைச் சுற்றிய முழு மார்பு என்று நினைத்து பாதியாக்கியிருக்கிறது. சார்ட்டில் இருந்தது துணியைப் படுக்கப் போட்டு அளந்த அரை மார்பு. வழியெல்லாம் அழகாக எழுதி, தசமம் தப்பாமல் வந்த விடை. 3,000 பீஸுக்கு 300 கிலோவுக்கு மேல் துணி குறைந்திருக்கும். வீட்டுக்காரர் தாளை வாங்கியதுமே, “பெரியவங்க பனியன் 116 கிராம்ல எப்படி நிக்கும்?” என்றார். கையில் துணி பிடித்துப் பழகியவருக்கு எடை தெரியும். கணக்கை எக்செல்லில் நிரந்தரமாகப் போட்டு வைத்துக்கொண்டோம். ஏ.ஐ. இப்போது பையர் தரும் சார்ட்டிலிருந்து எண்களை எடுத்துத் தருவதோடு சரி.

கைவிட்டதும் ஒன்று உண்டு. சம்பள நோட்டு. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரை இருந்தால் இங்கே ஒன்றரை ஷிப்ட். சூப்பர்வைசர் நோட்டில் 1½ என்று எழுதுவார். போட்டோ எடுத்துக் கொடுத்தால் ஏ.ஐ. கூட்டித் தருமா என்று பிப்ரவரியில் ஒரு வாரம் பார்த்தோம். பெயரை எல்லாம் மறைத்துவிட்டு வெறும் கட்டங்களை மட்டும் கொடுத்தேன். பல இடத்தில் அதை அரை என்று படித்துவிட்டது. ஆறு நாளும் ஒன்றரை செய்த ஒரு தையல் அக்காவுக்கு ஒன்பது ஷிப்ட் வரவேண்டிய இடத்தில் மூன்று நின்றது. பழைய முறையிலும் கூட்டி வைத்திருந்ததால் வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை அந்தக் கவரை அவர் கையில் கொடுத்திருந்தால்? வாரச் சம்பளத்தை நம்பி வாடகையும் மளிகையும் வைத்திருக்கிறவர். மறுநாள் திருத்திக் கொடுத்தாலும் அந்த ஒரு இரவு அவருடையது. சம்பளம் இனி கையால்தான் கூட்டுவது.

செக்கிங்கில் கேமரா வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் செக்கிங் அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பீஸைத் திருப்பும்போதே ஷேடு வித்தியாசம் சொல்லிவிடுவார். இப்போதைக்கு, அவர் பிடிக்கிற குறைகளை எந்த ஆபரேஷனில் வந்தது என்று வாரம் ஒருமுறை என்னிடம் வாய்மொழியாகச் சொல்கிறார். நான் அதை ஏ.ஐ.யில் போட்டு வகை பிரித்துக் கொடுக்கிறேன். கேமரா பற்றி அடுத்த வருடம் பேசலாம். வந்தாலும் அதை ஓட்டப்போவது அவர்தான், இதை அவரிடமே சொல்லியாயிற்று. ஏ.ஐ. வருகிறது என்றதும் ஹெல்ப்பர் பெண்கள் இரண்டு பேர் வேறு கம்பெனி பார்க்கலாமா என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த வாரமே எல்லோரையும் உட்கார வைத்து, எந்தெந்த வேலைக்கு வருகிறது, எதற்கு வராது என்று சொன்னேன். அதை ஆகஸ்டிலேயே செய்திருக்க வேண்டும்.

செலவு இதுவரை மாதம் சுமார் 2,000 ரூபாய் சந்தா மட்டும். இரவு எட்டரைக்கு வீட்டில் இருக்கிறேன்.

இந்த மாதம் எடுத்திருப்பது ஊசி விதி. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மெஷினை ஓட்டக் கூடாது, துண்டுகளை ஒட்டி வைத்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். சுவரில் தமிழில் மட்டும் இருந்தது. லைனில் ஒன்பது பேர் ஒடிசாக்காரர்கள். ஏ.ஐ. கொடுத்த ஒடியாவை, எங்கள் ஓவர்லாக் தம்பி ஒருவனிடம் கொடுத்து வாய்விட்டுப் படித்து, புரிந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். மூன்றாவது வரியில் நிறுத்தினான். “இது தைக்கிற ஊசி இல்லக்கா, ஆஸ்பத்திரியில போடுற ஊசி” என்றான். சரியான வார்த்தையை அவனே எழுதிக் கொடுத்தான். சொல் பட்டியல் நோட்டில் ஒடியாவுக்காக மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறோம், டீ நேரத்தில் அவனும் வந்து உட்காருகிறான்.