ட்ரெய்னருக்குள் இருந்த தம்புரா

என்ரை பழைய கிற்றார் அம்பின் இரைச்சல் போய்விட்டது! ஏழு வாரம் மினக்கெட்டு, கெப்பாசிட்டர் எல்லாம் கழற்றிப் போட்டு, இரண்டு விரல் சுட்டு, கடைசியில் பிடிபட்டது ஆர் எண்டால், முதல் நாளே "இது நல்லாத்தான் இருக்கு" எண்டு துணியால் துடைத்துத் திருப்பிச் செருகின ஒரு ஈஎல்34, சத்தத்தைப் பெருக்கிற கண்ணாடி ரியூப்.

அம்ப் ட்ரெய்னர் வைபிஏ-1, எழுபதுகளில் வந்த பாஸ் மாஸ்டர். ஒஷாவாவில் ஒருவருடைய கராஜில் 425 டொலருக்கு எடுத்தேன். பெயரில்தான் பாஸ். சுற்று ஃபெண்டர் பாஸ்மன் 5எஃப்6-ஏ அம்ப் வழி வந்தது, மார்ஷலின் ஜேடிஎம்45-உம் அதே வயிற்றுப் பிள்ளைதான். அதே குடும்பத்து மார்ஷலுக்குச் சொல்லுற விலையைக் கேட்டால் தலை சுத்தும். ரொறன்ரோவில் இருந்துகொண்டு ட்ரெய்னர் வேண்டாமல் விடுறது, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கடையில் பனங்கிழங்குப் பொடி தேடுற மாதிரி. 1963-இல் பீட்டர் ட்ரெய்னரும் ஜாக் லோங்கும் தொடங்கின யோர்க்வில் சவுண்ட் கொம்பனிதான் ட்ரெய்னரைச் செய்தது, அது இன்றைக்கும் பிக்கரிங்கில்தான் இருக்கு, என் வீட்டிலிருந்து கார் சூடாக முன்னம் போய்ச் சேர்ந்துவிடலாம். பீட்டர் ட்ரெய்னர் தான் செய்த அம்பைக் கூரையிலிருந்து கீழே போட்டுச் சோதித்தாராம். என்னுடையதின்ரை மூலையைப் பார்த்தால் நம்பலாம்.

விற்றவர் "இப்பதான் சர்வீஸ் செய்தது, ரியூப் எல்லாம் புதுசு, சோடி பார்த்துப் போட்டது" எண்டு ஒரு பற்றுச்சீட்டும் தந்தார். அந்தக் கடதாசியை நம்பினதுதான் நான் விட்ட பிழை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே ஷோர்ட் இருந்தால் அம்ப் எரியாமல் குண்டு பல்ப் எரியிற ஒரு தொடுப்பில் போட்டுப் பார்த்து (100 வாட் குண்டு பல்ப் இப்ப இங்கே கடையில் இல்லை, மாமாவின் கராஜில் மிஞ்சிக் கிடந்த ஒன்றைக் கேட்டு எடுத்தேன், திருப்பிக் குடுக்கிற எண்ணமில்லை), பல்ப் மங்கினதும் நேரே கரண்டில் போட்டேன். வேலை செய்தது. சத்தமும் வடிவு. ஆனால் வொலியூமைப் பூச்சியத்தில் வைத்தாலும் ஒரு ம்ம்ம்ம். அம்மா மேலே இருந்து கேட்டா: "உதென்ன தம்பி, கீழை தம்புரா போட்டுக்கொண்டே இருக்கிறாய்?"

அம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. தம்புரா எண்டால் சுருதி என்ன? கிற்றாரில் ஐந்தாம் கம்பி இரண்டாம் கட்டை பி, 123.5 ஹேர்ட்ஸ். அதை மெதுவாகத் தட்டிவிட்டு ஸ்பீக்கருக்குக் கிட்டக் காதை வைத்தால், இரண்டும் உரசி ஒரு செக்கனுக்கு மூன்று, நாலு தரம் "வவ் வவ்" எண்டு ஆடுது. அப்ப இரைச்சல் 120. ஃபோனில் ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்த்தாலும் 120, 240, 360. இங்கத்தைய கரண்ட் 60. ஏசியை டிசியாக்கிற ரெக்ரிஃபையர் அதை இரட்டிப்பாக்கினால் 120. ரியூபைச் சூடாக்கிற ஹீற்றர் வயரோ கிரவுண்டோ பிழையெண்டால் 60 கேட்டிருக்கும். ஆக, பவர் சப்ளை. அலையை மட்டம் பண்ணுற ஐம்பது வருசப் பழைய கேன் கெப்பாசிட்டர். வேறென்ன?

எல்லாத்தையும் மாற்றினேன். பயஸ் (ரியூப் சும்மா இருக்கேக்க எவ்வளவு கரண்ட் இழுக்கும் எண்டதைப் பிடிக்கிற வோல்ட்) கெப்பாசிட்டரையும் விடவில்லை. இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பாதிதான்! புதுக் கேனில் ஒன்று பழுதாக்கும் எண்டு திரும்பவும் ஒரு செற் எடுப்பித்துப் போட்டேன். அதே பாதி. இந்த இரண்டாவது செற் காசைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் மூளை வேலை செய்தது. சிக்னலை இரண்டாய்ப் பிரித்துக் கடைசி ரியூபுகளுக்கு அனுப்புற ஃபேஸ் இன்வேட்டர் ரியூப் 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு அம்பைப் போட்டேன். இரைச்சல் அப்பிடியே. முன்பக்கம் முழுக்கச் சுத்தம், பிழை கடைசி இரண்டு ரியூபிலும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமரிலும். இரண்டு ஈஎல்34-உம் ட்ரான்ஸ்ஃபோமரின் நடுவிலிருந்து எதிரெதிர்ப் பக்கமாக இழுக்கினம். சப்ளையில் மிஞ்சுற அலை இரண்டு பக்கமும் ஒரே அளவாய்ப் போனால் ஒன்றையொன்று அழித்துப்போடும். ஒரு பக்கம் கூட இழுத்தால் அழியாது, ஸ்பீக்கருக்குப் போகும். புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் பற்றுச்சீட்டில் "சோடி" எண்டு எழுதியிருந்ததே.

இரண்டு சொக்கெற்றிலும், ரியூப் இழுக்கிற கரண்ட் முழுக்கப் போற கதோட் காலான 8-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒரு ஓம் ரெசிஸ்ரர் வைத்தேன். ஒரு மில்லிவோல்ட் எண்டால் ஒரு மில்லியம்பியர், கணக்கே வேண்டாம். இந்த வேலையை முதலே செய்திருக்க வேணும், ஆனால் அந்தச் சந்துக்குள் சோல்டர் கோலை விடுறது லேசில்லை. ட்ரெய்னர்காரர் வயரைப் பின்னில் இரண்டு சுத்துச் சுத்திப் பிறகு ஈயம் வைத்திருக்கினம். உறிஞ்சி எடுத்தாலும் பின் விடமாட்டன் எண்டுது. வயரை வெட்டாமல் ஒவ்வொரு சுத்தாக மூக்குக் குறட்டால் அவிழ்க்க ஒரு மணித்தியாலம், அதுக்குள் இடது கையில் இரண்டு சூடு. பழைய ஈயத்துக்கு மேலே கொஞ்சம் புது ஈயம் விட்டால் கெதியாய் இளகும் எண்டது இரண்டாவது சொக்கெற்றில்தான் நினைவுக்கு வந்தது.

மீற்றர் காட்டினது: 24, 47.

சோடியாம்! இரண்டையும் இடம் மாற்றினேன், 47 மற்றப் பக்கம் போனது. அப்ப சொக்கெற் இல்லை, ரியூப்தான். பெயர் சொல்லவில்லை, ஆனால் சோடி எண்டு ஸ்ரிக்கர் ஒட்டினவர் மீற்றரைத் தொட்டிருக்க மாட்டார்.

புதுச் சோடி ஜேஜே கொம்பனியினது, ஸ்லோவாக்கியாவின் சாட்சா ஊரில் செய்யிறது. 2022-இல் ரஷ்ய ரியூப் வராது எண்டு எல்லாரும் பதறினதுக்குப் பிறகு விலை ஏறினது ஏறினதுதான். இங்கிலாந்து மல்லார்ட் பழசு வேணுமெண்டால் வீட்டுக் கடன் எடுக்க வேணும், எனக்கு உந்த ஆசை இல்லை. ரியூபின் பிளேட்டில் 440 வோல்ட். ஈஎல்34-க்கு 25 வாட் எல்லை, அதில் எழுபது வீதம் எண்டால் ஏறக்குறைய 40 மில்லியம்பியர். ரியூபின் ஸ்கிரீன் இழுக்கிறதும் மீற்றர் காட்டுற அளவுக்குள்ளேயே வரும் எண்டாலும் நான் பயந்தாங்கொள்ளியாய் 36-இல் நிறுத்தினேன். பயஸுக்கு ஒரு சின்னப் பொட் (திருகிற ரெசிஸ்ரர்), அதோடு தொடராய் ஒரு ரெசிஸ்ரர், பொட் கைவிட்டாலும் ரியூப் எரியாமல் இருக்க. இப்ப 35, 37.

ஸ்டான்ட்பையைத் தட்டினேன். ஒன்றுமில்லை. அம்ப் செத்துப்போச்சோ எண்டு பயந்து ஒரு ஈ கோர்ட் அடித்தேன், பேஸ்மண்ட் கண்ணாடி அதிர்ந்தது.

ஒரு மணி நேரம் ரெலிகாஸ்டர் கிற்றாரோடு இருந்தேன். வொலியூம் நாலைத் தாண்டினால் கரகரப்பு மெல்ல ஏறுது, கையை இலேசாக்கினால் தெளியுது. பாஸைக் கூட்டிக் குறைக்கிற லோ ரேஞ்ச் எக்ஸ்பாண்டர் பொட் மட்டும் திருகும்போது மண் அரைக்கிற சத்தம், அதுக்கு ஸ்பிரே அடிக்க வேணும். குவெல்ஃபில் இருக்கிற ஹமண்ட் கொம்பனியின் ட்ரான்ஸ்ஃபோமர் ஐம்பது வருசத்துக்குப் பிறகும் கை வைக்கிற அளவுச் சூடுதான்.

ஹமில்டனில் ட்ரெய்னரின்ரை இன்னொரு அம்ப், வைஜிஎம்-3 "கிற்றார் மேற்", விலைக்கு நிக்குது, இரண்டு ஈஎல்84, ரிவேர்ப். படத்தில் ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி இருக்கு, "சின்ன ஹம்" எண்டும் எழுதியிருக்கு. சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம். ஆனால் இதின்ரை செசியை இன்னும் பெட்டிக்குள் ஏற்றவில்லை, நாலு போல்டில் ஒன்றைக் காணேல்லை, அம்மா வக்கியூம் அடித்தபோது போயிருக்கலாம்.